தாய்வீட்டை விட்டு வந்த ஆண்கள்: வட கரோலினாவின் மொந்தன்யார் அகதிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2002 ஜூன் தொடங்கி சில மாதங்களுக்குள் வியட்நாமின் மலைமக்களான மொந்தன்யார் அகதிகள் ஏறக்குறைய 900 பேர், தஞ்சம் புகுந்திருந்த கம்போடியாவிலிருந்து அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கிரீன்ஸ்பரோ, ராலி, ஷார்லட் என்று மூன்று ஊர்களில் அவர்களைப் பிரித்துக் குடியமர்த்தினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியும் பிள்ளைகளும் வியட்நாமின் மத்திய மலைநாட்டில் இருந்தார்கள்.

ஆண் முன்னால் போவதும் குடும்பம் பின்னால் வந்து சேர்வதும் அகதி வாழ்வில் பழகிய ஏற்பாடுதான். ஈழத்திலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன பல குடும்பங்கள் அப்படித்தான் போயின. ஆனால் இந்த 900 பேரில் மிகப் பலர் ஜராய், ராடே என்னும் தாய்வழிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே வீடு பெண்ணுடையது. பிள்ளைக்கு அம்மாவின் குலப்பெயர். கல்யாணம் ஆனதும் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். நாம் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லும் 'வீட்டோடு மாப்பிள்ளை' அங்கே ஊர் முழுவதற்கும் பொது வழக்கம். அப்படிப்பட்ட சமூகத்திலிருந்து ஆண்களை மட்டும் பெயர்த்து வேறு நாட்டில் நட்டால் அந்தச் சமூகத்தில் எது பிழைக்கும், எது பட்டுப்போகும்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. தனி ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. 1986, 1992, 2002 என்று மூன்று அலைகளாக ஒரே மாநிலத்துக்கு வந்து சேர்ந்த கூட்டமே ஆய்வுப் பொருள்.

மலைநாடும் வீடும்

மொந்தன்யார் என்பது பிரெஞ்சுக்காரர்கள் மலைவாசிகள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர். அதற்குள் ஜராய், ராடே, பானார், கோஹோ, ம்னோங், செடாங், ஸ்தியெங் என்று ஏறத்தாழ முப்பது இனக்குழுக்கள் அடங்கும். ஜராயும் ராடேயும் சாம், மலாய் மொழிகளுக்கு உறவான மொழிகளைப் பேசுகிறார்கள். பானார், கோஹோ, ம்னோங் மொழிகள் கெமர் மொழியின் பக்கம். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. பிளேக்கு, கோன் தும், புவோன் மா துவோத் ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள செம்மண் பீடபூமிதான் இவர்கள் நாடு. சமவெளியில் பெரும்பான்மையாக இருக்கும் கின் இன வியட்நாமியர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கே சிறுபான்மையாகவே இருந்தார்கள்.

ராடே மக்களின் நீள்வீட்டைப் பார்த்தால் சமூக அமைப்பு முழுவதும் தெரிந்துவிடும். கால்நட்டு உயர்த்திக் கட்டிய மரவீடு. மகள் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு அறை நீளும். ஆகையால் வீடு எவ்வளவு நீளமோ அவ்வளவு மகள்கள் என்று பொருள். முன்கட்டில் விருந்தினர் கூடம், அதில் ஒரே மரத்தில் செதுக்கிய நீண்ட இருக்கை, சுவரோரம் அரிசி மது புளிக்கும் ஜாடிகள், மேலே காங்குகள் என்னும், தட்டி ஒலிக்கும் வெண்கல வட்டங்கள். ஏறும் படிக்கட்டின் தலைப்பில் இரண்டு முலைகளையும் ஒரு பிறையையும் செதுக்கி வைத்திருப்பார்கள். இந்த மலைநாட்டின் காங்கு மரபை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்தக் காங்குகளும் ஜாடிகளும் வீட்டின் சொத்து என்பதையும், வீடு பெண்ணுடைய சொத்து என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலமும் அப்படித்தான். ராடேக்களின் குலநிலத்துக்கு 'போ லான்' என்று ஒரு காவலர் உண்டு. அவர் எப்போதும் ஒரு பெண், குலத்தின் மூத்த பெண்வழியில் வந்தவர். எல்லையைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பதும், மண்ணுக்கு உரிய சடங்குகள் நடக்கின்றனவா என்று கவனிப்பதும் அவர் பொறுப்பு. நிலத்தை விற்கும் அதிகாரம் அவருக்கும் கிடையாது.

ஒரு பிள்ளையின் நாள் ஊர்த்துறையில் தொடங்கும். ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் வழியே வழியும் நீரைச் சுரைக்குடுக்கைகளில் பிடித்து, முதுகுக்கூடையில் அடுக்கித் தாயும் பெண்பிள்ளைகளும் மேடேறுவார்கள். ஊர் அமைந்ததே அந்தத் துறையை வைத்துத்தான். ஆண்டுதோறும் அதற்குப் பூசை உண்டு. பயிர் என்றால் புனம்: காட்டை வெட்டி, எரித்து, சில ஆண்டு மலைநெல் விதைத்து, மண் களைத்ததும் விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவது. இலங்கையில் சேனை என்பார்களே, அதுதான். வெளியாருக்கு இது காட்டை அழிப்பதாகவும் நாடோடிப் பிழைப்பாகவும் தெரிந்தது. விட்டுவிட்டுப் போன துண்டு யாருமற்ற தரிசு என்று எல்லா அரசுகளும் எண்ணின. திரும்பி வருவதற்காக ஓய்வு கொடுத்த நிலம் அது. பின்னால் நடந்த பறிப்புகளுக்கெல்லாம் இந்தத் தவறான பார்வைதான் சட்ட முகம் கொடுத்தது.

துப்பாக்கிகள் வந்த விதம்

1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறிய பிறகு தென் வியட்நாமின் ஙோ தின் தியெம் அரசு வடக்கிலிருந்து வந்த அகதிகளையும் சமவெளி மக்களையும் மலைநாட்டில் குடியேற்றியது. மலைமக்களின் வழக்காற்று நீதிமன்றங்களும் தாய்மொழிப் படிப்பும் போயின. 1958-ல் பானார், ஜராய், ராடே, கோஹோ இனங்களின் பெயர்த் தொடக்கங்களைச் சேர்த்து பஜரகா என்ற இயக்கம் எழுந்தது. அதன் தலைவரான ராடே இனத்தவர் ஈ பாம் எனுவோல் உடனே சிறைக்குப் போனார். 1964-ல் அவர் வெளியே வந்தபோது காலம் மாறியிருந்தது. 1961 கடைசியில் புவோன் மா துவோத்துக்கு அருகே புவோன் எனாவ் என்ற ராடே ஊரில் அமெரிக்க உளவுத்துறையும் சிறப்புப் படையினரும் தொடங்கிய ஊர்க்காவல் திட்டம் மலைநாடு முழுவதும் பரவி, மலை இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆயுதம் ஏந்தியிருந்தார்கள். 1964 செப்டம்பரில் அந்த முகாம்களில் சிலவற்றில் ராடே வீரர்கள் சைகோன் அரசுக்கு எதிராகவே கிளர்ந்தார்கள். ஃபுல்ரோ என்ற விடுதலை முன்னணி வெளியே தெரிந்தது அப்போதுதான்.

அமெரிக்கச் சிறப்புப் படையினரோடு ஏற்பட்ட பழக்கத்தை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் அது பயன்படப் போகிறது. மலைநாட்டு முகாம்களில் ஒன்றாக உண்டு, ஒன்றாகச் சாவைப் பார்த்தவர்கள் அவர்கள். கையில் பித்தளை வளை மாட்டி நட்பாக ஏற்றுக்கொள்வது மலைமக்கள் வழக்கம்; பல அமெரிக்கப் படையினர் அந்த வளையைக் கடைசிவரை கழற்றவில்லை.

1975 மார்ச் 10-ல் வடக்கின் படைகள் புவோன் மா துவோத்தைத் தாக்கின. போரின் கடைசி அத்தியாயம் அங்கேதான் தொடங்கியது. ஐம்பது நாளில் சைகோன் விழுந்தது. ஃபுல்ரோவில் பல ஆயிரம் பேர் காட்டுக்குள் போனார்கள். ஈ பாம் எனுவோல் அப்போது கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் இருந்தார். ஏப்ரலில் கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்டுப் படை நகரைப் பிடித்தபோது அவர் பிரெஞ்சுத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்து வெளியேற்றப்பட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

1986-ல் அவர்களில் ஏறக்குறைய 200 பேர் கம்போடியாவைக் கடந்து தாய்லாந்து எல்லை முகாம் வழியாக அமெரிக்காவுக்கு வந்தார்கள். இதுதான் முதல் அலை. இன்னொரு பிரிவு கம்போடியாவின் மொண்டுல்கிரி காடுகளில் இருந்தது. 1992-ல் ஐ.நா. இடைக்கால நிர்வாகத்தினர் அவர்களைக் கண்டபோது பெண்கள், பிள்ளைகள் உட்பட ஏறக்குறைய 400 பேர். தலைவரிடமிருந்து உத்தரவு வரும் என்று பதினேழு ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள். ஈ பாம் எனுவோல் 1975-லேயே கொல்லப்பட்டுவிட்டார் என்று சொல்லித்தான் அவர்களை ஆயுதம் வைக்கச் செய்ய முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களும் வட கரோலினா வந்தார்கள்.

ஏன் வட கரோலினா? சிறப்புப் படைகளின் தலைமையகமான ஃபோர்ட் பிராக் அங்கே இருக்கிறது, கிரீன்ஸ்பரோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள். ஓய்வுபெற்ற படையினர் பலர் அதே மாநிலத்தில் தங்கியிருந்தார்கள். அரசிடம் மனுப் போட்டதும், விமான நிலையத்தில் காத்து நின்றதும், கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், முதலாளிகளிடம் ஆளுக்கு ஆள் பேசி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள். உள்ளூர் தேவாலயங்கள் கூடச் சேர்ந்துகொண்டன. மீள்குடியேற்ற ஆய்வுகள் வழக்கமாகத் திட்டத்தின் தரத்தை அளக்கும். இந்த நிகழ்வில் திட்டத்தைவிட இந்தப் பழைய கடன்தான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. அதே ஆண்டுகளில், அதே சட்டத்தின் கீழ் வந்த வேறு அகதிகளுக்குக் காத்திருக்க இப்படி ஒரு கூட்டம் இருந்ததில்லை.

காபியும் சிவப்புப் புத்தகமும்

2002-ல் வந்தவர்கள் வேறு தலைமுறை. அவர்களில் பலர் போருக்குப் பின் வளர்ந்தவர்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் அல்ல, நிலம் போனவர்கள்.

1975-க்குப் பிறகு அரசு சமவெளி மக்களைப் 'புதிய பொருளாதார மண்டலங்கள்' என்ற பெயரில் மலைநாட்டுக்கு அனுப்பியது. 1976-ல் சுமார் 12 லட்சமாக இருந்த மலைநாட்டு மக்கள்தொகை 1999-ல் 40 லட்சத்தைத் தாண்டியது. கூடியதில் பெரும்பங்கு குடியேறிகள். 1986-ன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அரசு அனுப்பாமலே ஆட்கள் வந்தார்கள், காபிக்காக. 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து காபி விலை ஏறியதும் செம்மண் ஒவ்வொரு சாணுக்கும் விலை வந்தது. 2000 வாக்கில் வியட்நாம் பிரேசிலுக்கு அடுத்த காபி நாடு. அதில் மிகப் பெரும்பகுதி இந்த மலைநாட்டின் ரோபஸ்டா. நம் ஊரில் உடனடிக் காபித் தூள் கரைத்துக் குடிக்கிறவர்களும் இந்த மண்ணோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர்கள்தான்.

நிலம் போனதில் வன்முறை ஒரு பகுதி. காகிதம் இன்னொரு பகுதி, அதுவே பெரியது. சட்டப்படி நிலம் எல்லாம் மக்களுடையது, நிர்வகிப்பது அரசு. குடும்பத்துக்குப் பயன்பாட்டு உரிமைச் சான்று கொடுப்பார்கள்; அட்டையின் நிறத்தை வைத்து அதைச் சிவப்புப் புத்தகம் என்பார்கள். அதில் குடும்பத் தலைவர் என்று ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம், நடைமுறையில் அது கணவன் பெயர். கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்ற விதி 2003 நிலச்சட்டத்தில்தான் வந்தது. அதற்குள் குலநிலம் ஆண்களின் பெயரில் துண்டுகளாகப் பதிவாகி, விற்கக்கூடியதாகவும் அடகு வைக்கக்கூடியதாகவும் ஆகிவிட்டது. போ லானுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. உரத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் கடன் வாங்கியவர்கள், 2000-2001-ல் உலகக் காபி விலை சரிந்தபோது நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் கூலிக்குப் போனார்கள்.

அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளியில் வியட்நாமிய மொழி, வீட்டில் ஜராய் அல்லது ராடே. பிரெஞ்சுக் காலத்திலேயே ராடே மொழி உரோமன் எழுத்தில் எழுதப்பட்டு, அவர்களின் வழக்காற்றுச் சட்டம்கூட அச்சாகியிருந்தது. பிள்ளைகள் அந்த எழுத்தைப் பார்த்ததோ பெரும்பாலும் பைபிளிலும் பாட்டுப் புத்தகத்திலும். போருக்குப் பின் மூடப்பட்ட சீர்திருத்தக் கிறித்தவ சபைகள் வீட்டுக் கூட்டங்களாக உயிர்த்து, 1990-களில் வேகமாகப் பெருகின. வழிபாடு தாய்மொழியில், கூட்டுபவர்களும் மலைமக்கள். அரசு இதில் ஃபுல்ரோவின் நிழலைப் பார்த்தது. டெகா சபை என்று குறித்துத் தடை செய்தது; டெகா என்பது மலைமக்களில் ஒரு பகுதியினர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். அந்தக் கூட்டங்களில் நிலத்தையும் தன்னாட்சியையும் பற்றிப் பேச்சு நடந்தது உண்மை. ஜெபிக்கக் கூடியவர்களை எல்லாம் பிரிவினைவாதிகளாக எண்ணியது அதைவிடப் பெரிய உண்மை.

2001 பிப்ரவரி

ஜனவரி கடைசியில் இரண்டு ஜராய் கிறித்தவர்கள் கைதானார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் பிளேக்குவிலும் புவோன் மா துவோத்திலும் ஆயிரக்கணக்கானோர் நிலத்தையும் வழிபாட்டுரிமையையும் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். படை வந்தது, மலைநாடு மூடப்பட்டது, ஊர் ஊராகத் தேடுதல் நடந்தது. கிறித்தவத்தைக் கைவிடுவதாக ஊர் முன்னிலையில் உறுதிமொழி சொல்லவைத்து, ஆட்டுக் குருதி கலந்த மதுவைக் குடிக்கவைத்த சம்பவங்கள் நடந்தன. மரபுச் சடங்கை அரசே எடுத்து மரபுக்காரர்கள் மீது ஏவியது இந்த நிகழ்வின் விசித்திரங்களில் ஒன்று.

எல்லை தாண்டி ஓடியவர்கள் மொண்டுல்கிரியிலும் ரத்தனகிரியிலும் ஐ.நா. அகதிகள் ஆணையம் அமைத்த முகாம்களில் சேர்ந்தார்கள். 2001 ஏப்ரலில் முதல் 38 பேரை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 2002 ஜனவரியில் வியட்நாம், கம்போடியா, ஐ.நா. ஆணையம் மூன்றும் கூடி, மீதிப் பேரைத் திருப்பி அனுப்ப உடன்பாடு செய்தன. மார்ச்சில் வியட்நாமிலிருந்து 400-க்கு மேற்பட்டோர் பேருந்துகளில் மொண்டுல்கிரி முகாமுக்குள் வந்து, 'உறவினர்கள்' என்ற பெயரில் அகதிகளையும் ஊழியர்களையும் மிரட்டினார்கள். ஆணையம் உடன்பாட்டிலிருந்து விலகியது. மாதக் கடைசியில் கம்போடியா அமெரிக்கக் குடியேற்றத்துக்கு ஒப்புக்கொண்டது.

ஏன் ஆண்களே அதிகம் வந்தார்கள் என்பதற்குப் பதில் எளிது. ஊர்வலத்தை நடத்தியவர்கள் என்று தேடப்பட்டவர்கள் ஆண்கள். ராணுவமும் கொசுவும் அட்டையும் நிறைந்த காட்டில் பல நாள் நடக்கக் கைக்குழந்தையோடு இறங்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வீடும் மிச்ச நிலமும் பெண்ணின் பொறுப்பு. அவள் கிளம்பினால் குலத்துக்குத் திரும்ப இடமில்லை.

வந்தபின்

அமெரிக்க அகதித் திட்டம் முதல் 90 நாட்களுக்கு வீடு, படுக்கை, பாத்திரம், சமூகப் பாதுகாப்பு எண், பள்ளிச் சேர்க்கை என்று பார்த்துக்கொண்டது. பிள்ளையில்லாத பெரியவருக்குக் கைச்செலவு உதவி அப்போது எட்டு மாதம். விமானச் சீட்டுக்கு வட்டியில்லாக் கடன். சில மாதங்களில் தவணை கட்டத் தொடங்க வேண்டியிருந்தது. ஓராண்டில் பச்சை அட்டைக்கும், வந்த நாளிலிருந்து ஐந்தாண்டில் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். எல்லாமே சீக்கிரம் வேலைக்குப் போ என்ற ஒரே திசையில் தள்ளும் ஏற்பாடு.

1986-ல் வந்தவர்களுக்கு அது ஒத்துப்போனது. கிரீன்ஸ்பரோ நூற்பாலை ஊர். பக்கத்து ஹை பாயிண்ட் அறைகலன் ஊர். ஆங்கிலம் இல்லாதவருக்கும் இயந்திரத்தடியில் இடம் இருந்தது. 2002-ல் அந்தத் தரை சரிந்துகொண்டிருந்தது. நெசவும் அறைகலனும் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2003 ஜூலையில் கன்னப்பொலிஸ் ஊரில் பில்லோடெக்ஸ் ஆலை மூடியபோது மாநிலத்தில் 4,000-க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கிடைத்தது கோழி வெட்டும் ஆலையின் குளிர்க்கூடம், இரவு நேரத் துப்புரவு, கட்டட வேலை. ஆனாலும் பட்டினி கிடக்கவில்லை. காரணம் முன்னால் வந்தவர்கள். வேலைக்குக் கூட்டிப்போகும் கார் அவர்களுடையது. ஆலையின் மேற்பார்வையாளரிடம் அறிமுகம் அவர்களுடையது. மொந்தன்யார் டெகா சங்கம் கிரீன்ஸ்பரோவில் 1980-களிலிருந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜராய், ராடே, கோஹோ மொழிகளில் ஜெபம் நடந்தது. இன்று தென்கிழக்கு ஆசியாவுக்கு வெளியே மொந்தன்யார்கள் மிகுதியாக வாழும் இடம் இந்த ஊர்தான்.

நாலைந்து ஆண்கள் சேர்ந்து ஒரு அடுக்ககத்தில் இருப்பார்கள். சமையல் புதிது, தனிமை புதிது. மலையில் ஒரு ஆணின் இடம் இரண்டு வீடுகளால் குறிக்கப்படும்: பிறந்த தாயின் வீடு, புகுந்த மனைவியின் வீடு. தாய் வீட்டில் தன் சகோதரிகளின் பிள்ளைகளுக்கு அவன் தாய்மாமன். அங்கே அவன் சொல்லுக்கு எடை உண்டு. இங்கே இரண்டு வீடும் இல்லை. அடுக்கக ஒப்பந்தத்தில் முதன்முறையாக ஒரு வீடு அவன் பெயரில் எழுதப்பட்டது.

அதிகாரிகளின் குழப்பம் தனி. பிறந்த நாடு வியட்நாம் என்று அட்டையில் இருப்பதால் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வியட்நாமிய மொழிபெயர்ப்பாளரை அனுப்பினார்கள். வியட்நாமிய மொழி அரைகுறையாகத் தெரிந்தவருக்கும்கூட, தான் எந்த அரசிடமிருந்து ஓடி வந்தாரோ அதன் மொழியில் உடல் நோவையும் சிறைக் கதையையும் சொல்வது எப்படி இருக்கும்? மக்கள்தொகைக் கணக்கிலும் இவர்கள் வியட்நாமியர்களோடு கரைந்துபோகிறார்கள். ஆகவே தனி உதவித்தொகை கேட்க எண்ணிக்கை காட்ட முடிவதில்லை. உயர் ரத்த அழுத்தம் இந்தச் சமூகத்தில் கவலைக்குரிய அளவில் இருப்பதை, கிரீன்ஸ்பரோவில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சமூக இளைஞர்களைக் கூட வைத்துக்கொண்டு ஆராய்ந்த பிறகுதான் வெளியில் பேச முடிந்தது.

மனைவிமார் வந்தபோது

வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அகதி ஒருவர் ஐ-730 என்னும் படிவம் போட்டால் மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் எளிது. ஆனால் இவர்களில் பலருக்குக் கல்யாணம் என்பது பெண் வீட்டார் கேட்டு வந்து, இரு குலத்தார் முன்னிலையில் பித்தளை வளை மாற்றி முடித்தது. பதிவுச் சான்று இல்லை. பிள்ளையின் பெயரில் அம்மாவின் குலம் இருக்கும், அப்பாவோடு ஒரு எழுத்தும் பொருந்தாது. ராடேக்களிடம் ஒய் என்ற ஒற்றை எழுத்து (உச்சரிப்பு 'ஈ') ஆண் பெயருக்கு முன் வரும். பெண் பெயருக்கு முன் ஹெச் எழுத்தோடு ஒரு மேற்புள்ளி. கணினி அந்த மேற்புள்ளியை விழுங்கிவிடும், ஒரே பெண் இரண்டு ஆவணத்தில் இரண்டு பெயராகத் தெரிவாள். உறவை நிரூபிக்க வேண்டிய இடத்தில், தாய்வழி மரபே சந்தேகத்துக்குரிய சான்றாகிவிட்டது. இதற்கு மேல் வியட்நாம் கடவுச்சீட்டு. தப்பி ஓடியவனின் மனைவிக்கு உள்ளூர் அதிகாரி அதை எளிதில் கொடுத்துவிடுவாரா? பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

நடுவில் அமெரிக்காவே ஒரு தடை போட்டது. 2001-க்குப் பிறகு வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும் 2005-ன் ரியல் ஐடி சட்டமும், ஆயுதம் ஏந்திய எந்தக் குழுவுக்கும் எந்த உதவி செய்தவரும் குடியேற்ற நலன் பெற முடியாது என்றன. ஃபுல்ரோவில் இருந்தவர்களும் அவர்களுக்குச் சோறு போட்டவர்களும் அந்த வலைக்குள் வந்தார்கள். அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்ததே அமெரிக்காதான் என்பது சட்டத்துக்குத் தெரியாது. இதே வலையில் சிக்கிய ஈழத்தமிழர்களும் உண்டு. புலிகளுக்குக் கப்பம் கட்ட நேர்ந்ததையே குற்றமாகப் பார்த்தார்கள். மொந்தன்யார்களுக்கு 2007 டிசம்பரில், மொங் இனத்தவரோடு சேர்த்துப் பெயர் சொல்லி நாடாளுமன்றம் விலக்கு அளித்தது. அதன் பின்னாலும் பழைய படையினரின் மனுக்கள் இருந்தன.

மனைவிமார் வந்து சேர்ந்தபோது வரிசை தலைகீழாகியிருந்தது. மணமகன் வந்து புகும் வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்தவள், கணவன் பெயரில் வாடகைக்கு எடுத்த அடுக்ககத்துக்குள் வந்து புகுந்தாள். மொழி அவனுக்குத் தெரியும், கார் அவனுக்கு ஓட்டத் தெரியும், வங்கிக் கணக்கு அவனுடையது. அவளுடைய அக்கா தங்கைகள் இல்லை. கணவனிடம் கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு கட்டுக்கூட இல்லை. மலையில் தம்பதிச் சண்டையில் நடுவராக நிற்க வேண்டிய தாய்மாமன் பசிபிக்குக்கு அப்பால். 1986 அலையிலோ சிலருக்கு இந்தக் கட்டமே வரவில்லை. பதினோரு ஆண்டு காட்டில் இருந்து வந்தவர்களில் பலர் வேறு இனப் பெண்களை மணந்து புதுக் குடும்பம் தொடங்கினார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மருத்துவமனையில் அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதுவது வழக்கமானது. சில குடும்பங்கள் அடம்பிடித்து அம்மாவின் குலப்பெயரை எழுதவைத்தன. காப்புரிமைபோல அதைப் பாதுகாத்தவர்களும், பள்ளியில் ஏன் வம்பு என்று விட்டவர்களும் ஒரே சபையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஒரே தாய்வழிக் குலத்துக்குள் மணம் கூடாது என்ற விதியோ இன்னும் பெரியவர்களிடம் வலுவாக இருக்கிறது. அப்பா பெயரைச் சுமக்கும் இரண்டு இளைஞர்கள் காதலிக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டு அம்மாக்களும் ஒரே குலம் என்று தெரியவரக்கூடிய ஆபத்தைப் பெயர்முறை மாற்றம் உண்டாக்கிவிட்டது.

ஆனால் எல்லாம் இழப்பு என்று எழுதினால் அது பொய். ஊரில் அடுத்தவர் மொழி புரியாத ஜராயும் கோஹோவும் இங்கே ஒரே சங்கத்தில், ஒரே விழாவில், மொந்தன்யார் என்ற பெயரில் நிற்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரே மக்கள் என்ற உணர்வு கிரீன்ஸ்பரோவில் மலையைவிட இயல்பாக வந்திருக்கிறது. பெண்கள் சம்பளம் வாங்கத் தொடங்கிய வீடுகளில் பழைய அதிகாரம் வேறு பாதையில் திரும்பிக்கொண்டிருக்கிறது. வீடு வாங்கும்போது மனைவி பெயரையும் சேர்க்காமல் கையெழுத்து விழுவதில்லை. அடுக்ககத்துக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் சுரையும் பூசணியும் காட்டுக் கத்தரியும் போட்டவர்கள் பெண்கள். பூசணித் தளிரும் கருவாடும் கசப்புக் கத்தரியும் சேர்ந்த குழம்பு இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. மொழி அவ்வளவு தாங்கவில்லை. தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் புரியும், மற்றவர்களுக்குப் பாட்டு மட்டும் தெரியும்.

இந்த நிகழ்வைப் பற்றிச் சில கருத்துகள்

அகதித் திட்டத்தின் அளவுகோலில் இது வெற்றி. வேலை கிடைத்தது, கடன் அடைந்தது, குடியுரிமை வந்தது. அந்த அளவுகோலில் ஒரு குறை இருக்கிறது: அது வந்த ஆளை எண்ணுகிறது, எந்த வீட்டிலிருந்து வந்தான் என்று கேட்பதில்லை. படிவங்கள் எல்லாம் தந்தைவழிக் குடும்பம் ஒன்றை எதிர்பார்த்து அச்சடிக்கப்பட்டவை. ஹனோயின் சிவப்புப் புத்தகமும் வாஷிங்டனின் ஐ-730-ம் எதிரெதிர் அரசுகளின் காகிதங்கள். இரண்டும் ஒரே பெண்ணைத்தான் ஓரத்துக்குத் தள்ளின.

தாய்வழி அகதிகளை ஏற்கும் அமைப்புகள் செய்யக்கூடியவை சில இருந்தன. வழக்காற்று மணத்துக்கு இரு குலத்தாரின் வாக்குமூலத்தைத் தொடக்கத்திலேயே முகாமில் பதிவு செய்திருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தை மனைவி வந்ததும் இருவர் பெயருக்கும் மாற்றியிருக்கலாம். மனைவியின் சகோதரியை நெருங்கிய குடும்பமாக எண்ணச் சட்டத்தில் இடமில்லை; குடும்பத்தின் முதுகெலும்பு எங்கே என்று தெரிந்த யாரும் அந்த வரையறையை எழுதியிருக்க மாட்டார்கள். 2002 அலைக்கு அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது சபை மட்டுமே.

இப்போது

கம்போடியா வழி அடைந்துவிட்டது. 2014-க்குப் பிறகு ரத்தனகிரிக்குள் வந்தவர்களில் 13 பேர் மட்டும் முதலில் அகதிகளாக ஏற்கப்பட்டார்கள். மற்றவர்களில் பலர் திரும்பிப் போனார்கள் அல்லது தாய்லாந்துக்கு நகர்ந்தார்கள். தாய்லாந்து 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. பாங்காக்கின் புறநகர் அறைகளில் இருப்பவர்கள் ஐ.நா. அட்டை வைத்திருந்தாலும் குடிநுழைவுச் சட்டத்தின் முன் குற்றவாளிகளே.

2023 ஜூன் 11-ல் டாக் லாக் மாகாணத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள் இரண்டு அரசு அலுவலகங்களைத் தாக்கியதில் ஒன்பது பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் 100 பேரை ஒன்றாக நிறுத்தி விசாரித்து, பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அந்த வழக்கில் நாட்டில் இல்லாமலே பத்தாண்டு தண்டனை பெற்றவர்களில் ஈ க்வின் ப்தாப் ஒருவர். பாங்காக்கில் இருந்த இந்த ராடே உரிமைச் செயற்பாட்டாளர் ஐ.நா. ஆணையம் அகதியாக ஏற்றவர். தாக்குதலில் தனக்குத் தொடர்பில்லை என்றவர். அவரை வியட்நாமிடம் ஒப்படைக்கலாம் என்று தாய்லாந்து நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 20-ல் அமெரிக்கா தன் அகதி அனுமதித் திட்டத்தை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. கிரீன்ஸ்பரோ சங்கத்தில் படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களின் உறவினர்கள் இப்போது மலைநாட்டிலும் பாங்காக்கிலுமாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஓடியவர்களில் இந்த முறை மனைவிகளும் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள்.